'இடையிடையே' என்ற ஒரு சொல்

புயல் வந்தால் தொலைக்காட்சியில் ஒரே வாசகம்தான். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில், 'இடையிடையே' அதைவிடச் சற்று அதிக வேகத்தில் காற்று வீசும் என்பார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் நாம், "அதெல்லாம் கடலோரத்துக்கு" என்று சேனலை மாற்றிவிடுகிறோம். இந்த நினைப்பு ஆபத்தானது. அதை வளர்ப்பது அறிவிக்கிற முறைதான் என்பது என் வாதம்.

முதலில் சொல்லப்படும் எண் ஒரு சராசரி. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கு நம் வானிலைத் துறை 3 நிமிடச் சராசரி எடுக்கிறது. அமெரிக்கர்கள் 1 நிமிடம் எடுக்கிறார்கள். ஆனால் மரத்தைச் சாய்ப்பதும் கூரைத் தகட்டைப் பிடுங்குவதும் சில விநாடிகள் ஓங்கி அடிக்கிற வீச்சு. நான் படித்த பிரெஞ்சில் அதற்கு 'ரஃபால்' என்று தனிப் பெயர் உண்டு. போர் விமானத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நம் அறிவிப்பில் அது 'இடையிடையே' என்று ஓரமாக ஒதுங்கி நிற்கிறது.

உள்ளே வரவர வீடுகளும் மரங்களும் தடுத்து, சராசரி வேகம் குறையும். உண்மைதான். ஆனால் அதே தடைகள் காற்றைக் கலக்கிவிடுகின்றன. மேலே வேகமாக ஓடும் காற்று திடீர் திடீரென்று கீழே இறங்கி அடிக்கிறது. வேகம் 2 மடங்கானால் அழுத்தம் 4 மடங்கு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்தபோது கடற்கரையில் மட்டுமா மரம் விழுந்தது?

"இப்போதுதான் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவே" என்பார்கள். இருக்கின்றன. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடுகிறது. முன்பு அது 12 கிலோமீட்டர். வரவேற்கிறேன். ஆனால் அப்படி ஒரு கட்டத்துக்குள் அம்பத்தூர் ஏரியும் தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் சேர்ந்தே அடங்கிவிடும். அதற்குள் வீசும் காற்றின் வீச்சைச் சூத்திரம் போட்டுத்தான் மதிப்பிட முடியும். சூத்திரம் சரியா என்று சொல்ல அளவீடு வேண்டும்.

அமெரிக்காவில் 1997 முதல் ஜிபிஎஸ் கருவிகளை விமானத்திலிருந்து புயலுக்குள் போட்டு, கீழ்க்காற்றை நேரடியாக அளந்தார்கள். அந்த அறிவை வைத்துப் பழைய கணக்குகளைத் திருத்தினார்கள். 1992-ல் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ, 4-ஆம் வகையிலிருந்து 5-ஆம் வகைக்கு உயர்த்தப்பட்டது 2002-ல்தான். பத்து வருடம் கழித்து! வங்கக் கடலில் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் நம்மிடம் இல்லை.

விமானம் வாங்கச் சொல்லவில்லை. நம் புறநகரில் செல்போன் கோபுரத்துக்கா பஞ்சம்? அவற்றில் சிலவற்றில் இரண்டு மூன்று உயரங்களில் காற்றுமானி பொருத்தலாம். அந்த அளவீட்டை மாதிரிகளுக்குக் கொடுக்கலாம், மக்களுக்கும் காட்டலாம்.

அறிவிப்பையும் மாற்ற வேண்டும். பழவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் மாவட்டம் ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. ஊர்வாரியாக, வீச்சின் வேகத்தை முதலில் சொல்லுங்கள். சராசரியைப் பிறகு சொல்லுங்கள். இரண்டு எண் சொன்னால் ஜனங்கள் குழம்புவார்களாம். யூனிட்டுக்கு யூனிட் விலை மாறும் கரண்ட் பில்லையே கணக்குப் போட்டுச் சரிபார்க்கிற ஜனங்கள் ஐயா இவர்கள்!