எதிரே உட்கார்ந்திருந்தவர்

குழந்தைகளே, உங்களில் எத்தனை பேர் செஸ் ஆடுவீர்கள்? தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் "போடா, நான் ஆட்டத்துக்கு வரலை" என்று காய்களைக் கலைத்துவிட்டு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். வகுப்பறையில் எத்தனையோ வருடம் பார்த்தவன் நான்!

1956ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க்கில் ஒரு செஸ் போட்டி. வெள்ளைக் காய்களோடு டொனால்ட் பைர்ன். வயது 26. 1953இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வென்றவர். எதிரே கறுப்புக் காய்களோடு பாபி ஃபிஷர். வயது 13. எட்டாம் வகுப்பு மாணவன் மாதிரி! வெள்ளைக்குத்தான் முதல் நகர்த்தல். கறுப்பு எப்போதும் ஓரடி பின்னால்தான் கிளம்ப வேண்டும்.

11ஆவது நகர்த்தலில் பாபி தன் குதிரையைப் பலகையின் ஓரத்தில், வெள்ளைக் குதிரை வெட்டக்கூடிய இடத்தில் வைத்தான். பைர்ன் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் அவருக்குத்தான் நஷ்டம். 17ஆவது நகர்த்தலில் இன்னும் பெரிய ஆச்சரியம். ராணி வெட்டுப்படும் நிலையில் இருந்தது. பாபி அதைக் காப்பாற்றாமல் மந்திரியை நகர்த்தினான்! பைர்ன் ராணியை வெட்டினார். அவ்வளவுதான், கறுப்பு மந்திரியும் குதிரையும் மாறி மாறி 'செக்' வைத்தன. வெள்ளை ராஜா இரண்டே கட்டங்களுக்குள் அங்கும் இங்கும் ஓடினார். போன ராணிக்குப் பதிலாக பாபிக்கு ஒரு யானை, இரண்டு மந்திரிகள், ஒரு சிப்பாய் கிடைத்தன.

பெரிய ஆட்டக்காரர்கள் தோல்வி நிச்சயம் என்றால் பாதியிலேயே ஒப்புக்கொண்டு கைகுலுக்கி விடுவார்கள். அது மரியாதைதான். பைர்னும் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால், இவ்வளவு அழகாக ஆடிய பையன் 'செக்மேட்' வைத்தே முடிக்கட்டும் என்று நினைத்தார். மற்ற ஆட்டக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டு, கடைசிவரை உட்கார்ந்து ஆடியதாக அவரே பின்னாளில் சொன்னார். 41ஆவது நகர்த்தலில் பாபியின் யானை ஆட்டத்தை முடித்தது. அப்போது வெள்ளை ராணி, தன் ராஜாவுக்கு உதவ முடியாமல் பலகையின் மறுகோடியில் நின்றது.

ஹான்ஸ் க்மோச் என்ற செஸ் எழுத்தாளர் இதை 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று எழுதினார். பாபி 1972இல் உலக சாம்பியன் ஆனார். எல்லோரும் அவரையே புகழ்கிறார்கள். சரிதான். ஆனால் என்னிடம் மதிப்பெண் போடச் சொன்னால், பாதியைப் பைர்னுக்குத்தான் போடுவேன். பதின்மூன்று வயதுப் பையனிடம், எல்லோரும் பார்க்க, கடைசி அடியையும் வாங்கிக்கொள்வது லேசான காரியமா? ராணியைக் கொடுப்பதைவிட அது கஷ்டம் என்பேன் நான்.

இந்த ஆட்டத்தின் 41 நகர்த்தல்களும் செஸ் புத்தகங்களில் இருக்கின்றன. தம்பியையோ தங்கையையோ கறுப்புப் பக்கம் உட்காரவைத்து ஆடிப் பாருங்கள். நீங்கள் வெள்ளை.