வீட்டுக்கு ஒரு விசேஷம்



போன மாதம் எங்கள் தாமானில் ஒரு விருந்து. கல்யாணமில்லை, காதுகுத்துமில்லை. "என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே போனோம். "வீட்டுக்குத்தான் விசேஷம்" என்றார் அந்த வீட்டு அம்மா. வாசலில் மாவிலைத் தோரணம். நாற்பது வருடங்களுக்கு முன் பால் காய்ச்சிக் குடிபுகுந்த அதே வீட்டில் மறுபடியும் பால் பொங்கிற்று. வீடு பெயர் மாறியிருந்தது. அதற்குத்தான் இந்த விருந்து.

அவர் லயத்தில் பிறந்தவர். முப்பது வருடம் பால் வெட்டிய கை. லயத்து வீடு எப்படி என்று நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்னால் அஞ்சடி, நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி. அங்கே நாம் பிள்ளை பெற்றோம், பெரியவர்களை வழியனுப்பினோம். ஆனால் ஓர் ஆணிகூட நமக்குச் சொந்தமில்லை. பெரட்டில் பெயர் இருக்கிற வரைக்கும்தான் வீடு. அதனால் தாத்தா பேரனுக்கு விட்டுச் சென்றதெல்லாம் தகரப் பெட்டி, சாமிப் படம், அம்மிக்கல்.

1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது எத்தனை குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின! அந்த நாளில்தான் 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாக நம்மவர்களிடம் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. இந்த அம்மாவின் தோட்டத்துக்கு அந்த யோகம் கிட்டவில்லை. அவருடைய வீட்டுக்காரர் சீட்டுப் போட்டு, ஆடு வளர்த்து விற்று, 25,000 வெள்ளி மலிவு விலை வீடு ஒன்றை வாங்கினார். லயத்திலிருந்து லாரியில் வந்த சாமான்களில் அம்மிக்கல்லும் ஒன்று.

அவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. சின்ன மகன் தாயோடு இருந்து வீட்டு வரி, நில வரி எல்லாம் கட்டி வந்தான். கூரை ஒழுகியபோது மாற்றியதும் அவன்தான். குசினியைப் பெரிதாக்க பேங்கில் கடன் கேட்டபோதுதான் கிராண்ட் இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது உறைத்தது. உயிலும் இல்லை.

இங்கேதான் வீட்டுக்குள் முணுமுணுப்பு கிளம்பிற்று. "தங்கச்சிக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே, அவளை எதுக்குக் கேட்கணும்?" என்றான் பெரியவன். நம் குடும்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் யார்? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்து, அவருடைய பெற்றோரும் உயிருடன் இல்லாவிட்டால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. அதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. கணவரின் தாயோ தகப்பனோ இருந்தால் கால் பங்கு அவர்களுக்கு, கால் பங்கு மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டம்.

இதுபோன்ற சிறு சொத்துக்கு மாவட்ட நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். 'ஏ' பாரத்தோடு இறப்புப் பத்திரம், கிராண்ட் நகல், அடையாள அட்டை எல்லாம் கொண்டுபோக வேண்டும். பிறகு விசாரணைக்குத் தேதி வரும். வாரிசுகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பங்கு வேண்டாம் என்பவர் அதைத் தாமே தெரிவிக்க வேண்டும். சில மலிவு வீடுகளைப் பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் தேவைப்படும். கிராண்டிலேயே அது எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

தைப்பிங்கிலிருந்து மகள் வந்தாள். சண்டை வரும் என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். "எனக்குப் பங்கு வேண்டாம் அண்ணே. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். பெரியவன் தலை குனிந்தவன் நிமிரவில்லை. அவனும் தன் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தான்.

அந்த அம்மா மட்டும் தம் பங்கை விடவில்லை. மகன் பெயரோடு அவர் பெயரும் கிராண்டில் ஏறியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் சிலர், "இந்த வயசில் எதுக்கு?" என்று பேசினார்கள். நான் அவர் பக்கம். பாசத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாய்க் காப்பிக்குக் குசினி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். மருமகளைக் குறை சொல்லவில்லை; அவளுக்கும் இதனால் சங்கடம்தானே?

விருந்தன்று சாமிக்கு விளக்கேற்றியது மருமகள். சாவிக்கொத்தை மாமியார் அவள் கையில் கொடுத்தார். வெளிவாசல் சாவி ஒன்றை மட்டும் கழற்றி மகளிடம் நீட்டினார். "பொங்கலுக்கு வர்றப்ப கதவைத் தட்டாதே. நீயே திறந்துக்கிட்டு வா" என்றார். மகள் அழுதாள். எங்களுக்கும் கண் கலங்கிற்று, சொல்வதற்கென்ன.

சாயங்காலம் மகள் கிளம்பும்போது, "அம்மா, அந்த அம்மியை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். மருமகளிடம் மிக்சி இருக்கிறது, மறுப்புச் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் இரண்டு பையன்களுமாகத் தூக்கிக் காரின் பின்னால் வைத்தார்கள். வண்டி ஒரு முழம் இறங்கிற்று. முச்சந்தி வரை போன காரை அந்த அம்மா கைதட்டி நிறுத்தினார்.

"ஏய், குழவியை விட்டுட்டுப் போறீங்க!"