கோடரிக்காம்புக்கு மரம் எங்கே?

இனத்துக்குத் துரோகம் செய்பவரைக் 'கோடரிக்காம்பு' என்று திட்டுகிறோம். நம் மேடைகளிலும் தாராளமாகப் புழங்கும் சொல். பொதுநிலங்களை ஆய்வு செய்து வரும் எனக்கு அந்தக் காம்பின் மேல் கோபம் வருவதில்லை. அதைச் செதுக்க யாருக்கு மரம் கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கொல்லர் இரும்பை அடித்துத் தருவார். மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பிடி தேடுவது பெரும்பாலும் உழைப்பவரின் பாடு. நாட்டுக் கருவேலம் அதற்கு ஏற்ற மரம். கெட்டியானது, ஓங்கி வெட்டும்போது அதிர்வைத் தாங்கும். ஆனால் அது கண்மாய்க்குள்ளும் புறம்போக்கிலும் நின்று ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுக்கப் பணமும் ஊரில் செல்வாக்கும் வேண்டும். இரண்டும் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சேரியிலிருந்து வந்து ஒரு கிளையை வெட்டினால் திருட்டு. மொத்தத்தையும் லாரியில் ஏற்றினால் குத்தகை!

2006 வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோருக்கு மூங்கில், தேன், சுள்ளி போன்றவற்றில் உரிமை தருகிறது. சமவெளியின் நிலமற்ற தலித்துக்கு அதுவும் இல்லை. நூறு நாள் வேலைக்குக்கூட அவர் சொந்த மண்வெட்டியோடுதான் போகிறார்.

1927இல் மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்தார். குளத்து மரமும் பொதுச்சொத்துதான். ஏலத்துக்கு முன்பே கருவிப்பிடிக்கான மரத்தை நிலமற்றோருக்கு ஒதுக்கச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் கேட்போம். சுள்ளியை அல்ல, கைக்கு அடங்கும் நேரான கிளையை.