கோப்பின் பெயரும் கோப்பின் மெய்யும்

கோப்பின் பெயரோடு ஒட்டிய பின்னொட்டைக் கொண்டு அதன் வகையைத் துணிவது, சுவடிக்கட்டின் மேலுள்ள சீட்டைக் கொண்டு நூலைத் துணிவதை ஒக்கும். சீட்டு மாறினும் ஏட்டிலுள்ள எழுத்து மாறாது. கணினியியலார் இதனை முன்பே உணர்ந்தனர். 1973இல் வெளிவந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே, உள்ளடக்கத்தை நோக்கி வகை கூறும் 'ஃபைல்' என்னும் கட்டளை இடம்பெற்றது. பி.டி.எஃப். கோப்பு 37, 80, 68, 70 என்னும் பைட்டுகளுடனும், ஜேபெக் படம் 255, 216 என்னும் பைட்டுகளுடனும் தொடங்கும். பெயர் அழியினும் இம்முத்திரை எஞ்சும்.

எனினும் தமிழ் மின்னூலகங்களுக்கு இம்முறை மட்டும் போதாது. வெற்றுரைக் கோப்பிற்குப் பொதுவாக முத்திரை இல்லை. யு.டி.எஃப்-8 வடிவிலமைந்த ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளால் ஆயது. முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆதலின் அதனை எளிதில் அறியலாம். டிஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேப் ஆகிய குறியேற்றங்களின் நிலை வேறு. அவை தமிழெழுத்துகளை 128க்கு மேற்பட்ட இடங்களில் வைத்தன. ஐரோப்பிய மொழிகளுக்குரிய இலத்தீன்-1 குறியேற்றமும் அவ்விடங்களையே கொண்டது. எனவே பொதுக் கருவிகள் அத்தகைய தமிழ்நூலை இலத்தீன் உரையெனக் கொள்கின்றன. அதனை நம்பி ஒருங்குறிக்கு மாற்றின் நூல் பொருளற்ற குறிக்குவியலாகும்.

இவ்விடத்தில் துணைபுரிய வல்லது தமிழிலக்கணமே. ஐயத்திற்குரிய கோப்பை ஒவ்வொரு குறியேற்றமாகக் கொண்டு படித்து, எப்படிப்பில் சொற்கள் மொழிமுதல், மொழியிறுதி மரபுகளுக்கு இயைகின்றன எனக் கணக்கிடலாம். மெய்யெழுத்துத் தனித்து மொழிமுதலாகாது. டகர, றகர மெய்கள் மொழியிறுதியில் நில்லா. பிறமொழிச் சொற்கள் சில இவ்வரம்பைக் கடக்குமெனத் தடை கூறலாம். ஆயின் இங்கு வேண்டப்படுவது விதிவிலக்கற்ற ஒழுங்கன்று. போட்டியிடும் படிப்புகளுள் மிகுதியும் இயைவது எது என்னும் ஒப்பீடே. பிழையான படிப்பில் விலகல் சிலவாக நில்லாது, பக்கந்தோறும் பெருகும்.

இவ்வாறு பெறப்படும் முடிவும் கருதலளவையே, காட்சியன்று. ஆதலின் மாற்றிய நூலோடு மூலப் பைட்டுகளையும், துணியப்பட்ட குறியேற்றத்தையும், துணிந்த முறையையும் சேர்த்துக் காத்தல் வேண்டும். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்புநெறி மின்கோப்பிற்கும் உரியது. இப்பணியை நிரலாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. எழுத்திலக்கணம் கற்பிக்கும் தமிழ்த்துறைகளே இதற்கான விதிகளை வகுத்துத் தருதல் வேண்டும்.