பழைய ஐபாடை கம்ப்யூட்டரில் செருகும் முன்...

பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் பொருள்களில் சில, வேலையை அப்படியே நிறுத்திவிடும். பழைய ஆல்பம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட முன்னேற்ற அட்டை... இப்போது அந்த வரிசையில் ஐபாடும் சேர்ந்துவிட்டது. பின்பக்கம் பளபளப்பு, முன்பக்கம் வட்டச் சக்கரம், உள்ளே ஒருவர் பதினைந்து வருடங்களுக்கு முன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாடல்கள்.

அதன் பிறகு பல வீடுகளில் நடப்பது இதுதான். மகள் தன் புது லேப்டாப்பில் ஐபாடைச் செருகுவாள். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும்.

"அப்பா, என்னமோ கேக்குது. ஓகே குடுத்துடட்டுமா?"

"குடும்மா, பாட்டு வருதான்னு பார்ப்போம்."

பாட்டு வராது. இருந்த பாட்டும் போய்விடும். அந்த ஒரு 'ஓகே'யில் ஐபாட் முழுவதும் துடைக்கப்பட்டு, புது லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ அது மட்டும் அதில் ஏறிக்கொள்ளும். புது லேப்டாப்பில் பாடலே இல்லையென்றால் ஐபாட் காலி!

எனவே, பெட்டியிலிருந்து ஐபாடை எடுத்தவர்கள் கேபிளைத் தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

ஏன் இந்தக் குணம்?

ஆப்பிள் நிறுவனம் முதல் ஐபாடை 2001 அக்டோபரில் அறிமுகம் செய்தது. 5 ஜி.பி. கொள்ளளவு, சுமார் ஆயிரம் பாடல்கள். அன்றைக்கு அது பெரிய அதிசயம். கூடவே இசைத்திருட்டு பற்றிய பயமும் இருந்தது. அந்த ஐபாடைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையிலேயே 'இசையைத் திருடாதீர்கள்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அதனால் ஐபாடைப் பென்டிரைவ் மாதிரி அமைக்கவில்லை. பாடல்கள் கம்ப்யூட்டரில் 'ஐடியூன்ஸ்' என்ற மென்பொருளுக்குள் இருக்கும். ஐபாட் அதன் நகல் மட்டுமே. கம்ப்யூட்டரிலிருந்து ஐபாடுக்குப் பாடல் போகும். திரும்பி வராது. ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரின் பாடல் தொகுப்போடு மட்டும்தான் உறவு. வேறு கம்ப்யூட்டரில் செருகினால், 'பழைய உறவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா?' என்று கேட்கும். மகளின் லேப்டாப்பில் வந்த கேள்வி அதுதான்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் பிரச்னை இல்லை. பெரும்பாலான வீடுகளில் அது எப்போதோ எடைக்குப் போயிருக்கும். அப்படியானால், அந்தப் பாடல்களின் ஒரே பிரதி ஐபாடுக்குள் இருப்பதுதான்.

முதலில் பேட்டரி

ஐபாடை ஒரு சமதளத்தில் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரை மேலே எழும்பியிருந்தாலோ சார்ஜ் போடவே வேண்டாம். உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது தீப்பிடிக்கக்கூடியது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

வீக்கம் இல்லையென்றால் சார்ஜ் போடலாம். பல வருடம் தூங்கிய பேட்டரி உடனே எழாது. திரை கறுப்பாகவே இருந்தாலும் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

கேபிளிலும் கவனம் தேவை. 2003-க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஐபாடுகளுக்கு அகலமான 30 முள் கேபிள். கடைசியாக வந்த நானோவுக்கு ஐபோன்களில் பார்த்த லைட்னிங் கேபிள். திரையே இல்லாத குட்டி ஷஃபிளில் இரண்டாம் தலைமுறையிலிருந்து ஹெட்போன் துளை வழியாகத்தான் கம்ப்யூட்டர் இணைப்பு. மலிவான சில கேபிள்களில் சார்ஜ் மட்டும் ஏறும், தகவல் போகாது. 'சார்ஜ் ஆகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை' என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

லேப்டாப்பில் யு.எஸ்.பி.-சி துளை மட்டும் இருந்தால் ஒரு சின்ன அடாப்டர் போதும். 2001, 2002-ல் வந்த முதல் இரண்டு தலைமுறை ஐபாடுகள் மட்டும் விதிவிலக்கு. அவை 'ஃபயர்வயர்' என்ற பழைய இணைப்பை மட்டுமே அறிந்தவை. அவற்றுக்கு அந்தத் துளை உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிப்பதே சுலபமான வழி.

அழிக்கும் இரண்டு கேள்விகள்

செருகியதும் இரண்டு விதமான கேள்விகள் வரலாம். இரண்டுக்கும் பதில் ஒன்றே: 'கேன்சல்'.

முதல் கேள்வி ஐடியூன்ஸ் கேட்பது. அதில் 'எரேஸ் அண்ட் சிங்க்' என்று ஒரு பட்டன் இருக்கும். எரேஸ் என்றால் அழிப்பது. அதைத் தொடவே கூடாது.

இரண்டாவது கேள்வி விண்டோஸ் கேட்பது. 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று சொல்லும். ஐபாட் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து பலரும் சம்மதித்துவிடுவார்கள். உண்மையில் அது கெட்டுப்போகவில்லை. முதன்முதலில் மேக் கம்ப்யூட்டரில் தயார் செய்யப்பட்ட ஐபாடின் வட்டு அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது, அவ்வளவுதான். விண்டோஸில் தயாரான ஐபாடை மேக் படித்துக்கொள்ளும். மேக்கில் தயாரானதை விண்டோஸ் படிக்காது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொடுத்தனுப்பிய ஐபாடாக இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட ஐபாடை மேக் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போய் பாடல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வருவதே பத்திரமான வழி.

கேள்வியே வராமல் தடுக்கவும் முடியும். ஐபாடைச் செருகும் முன், ஐடியூன்ஸில் 'எடிட்', 'பிரிஃபரன்சஸ்', 'டிவைசஸ்' என்று போய், தானாக சிங்க் ஆவதைத் தடுக்கும் கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள்.

உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது

பாடல் திரும்பி வராது என்றோமே, அது ஐடியூன்ஸின் விதி. வட்டின் விதி அல்ல. சக்கரம் உள்ள ஐபாடுகள் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவாகவும் தெரியக்கூடியவை. பாடல்கள் அதற்குள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன.

டிரைவாகத் தெரியவில்லையா? 'மெனு' பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். சின்னம் வந்ததும் விட்டுவிட்டு, நடுப் பட்டனையும் 'ப்ளே' பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் 'டிஸ்க் மோட்' என்று வரும். இப்போது கம்ப்யூட்டரில் செருகினால் டிரைவாக எழுந்து நிற்கும். இதனால் பாடல்கள் அழியாது.

அடுத்து, ஒளிந்திருப்பதைக் காட்டச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-ல் ஃபோல்டர் ஜன்னலின் மேலே 'வியூ', 'ஷோ', 'ஹிட்டன் ஐட்டம்ஸ்'. மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். இப்போது 'ஐபாட் கன்ட்ரோல்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'மியூசிக்'. அதை அப்படியே கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்து பார்த்தால் திடுக்கென்று இருக்கும். எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். உள்ளே அர்த்தமில்லாத நான்கு எழுத்துப் பெயர்களில் பாடல்கள். பயப்பட வேண்டாம். பாடலின் உண்மையான பெயர், பாடகர், ஆல்பம் எல்லாம் அந்த ஃபைலுக்குள்ளேயே 'டேக்' என்ற குறிப்பாகப் பதிந்திருக்கும். ஐடியூன்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய், பாடல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் கட்டத்தையும், சேர்க்கும் பாடல்களைப் பிரதி எடுக்கும் கட்டத்தையும் டிக் செய்துவிட்டு, இந்த மியூசிக் ஃபோல்டரை ஐடியூன்ஸுக்குள் இழுத்துப் போட்டால் பாடல்கள் பெயரோடு வரிசை கட்டி நிற்கும்.

குறிப்பு பதியாத பாடல்கள் மட்டும் நான்கெழுத்துப் பெயரிலேயே நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். ஆல்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வெப்சைட்டின் பெயர் வந்து நிற்பதும் நம் ஊர் பாடல்களில் சகஜம். அப்பாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டால் இந்த வேலை வேகமாக நடக்கும். முதல் இரண்டு நொடி இசையிலேயே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்.

'ரெக்கார்டிங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். மைக் இணைத்துப் பதிவு செய்த குரல்கள் அதில் இருக்கும். பாடல் போனால் வேறு எங்காவது தேடி எடுத்துவிடலாம். தாத்தாவின் குரலோ, குழந்தையின் மழலையோ போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பிரதி எடுக்கும்போது உள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால், அது தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க்கின் குரல். நானோ, ஷஃபிளில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய ஐபாடுகளில் சுழலும் வட்டுதான் இருக்கிறது. சத்தம் கேட்டால் மற்ற சோதனைகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் முக்கியமானதைப் பிரதி எடுங்கள். அந்த வட்டைக் கழற்றிவிட்டு மெமரி கார்டு பொருத்தித் தரும் அடாப்டர்கள் இப்போது கிடைக்கின்றன.

இனி புதுப் பாடல் ஏற்றலாம்

பிரதி பத்திரமாகிவிட்டது. இனி எதை அழித்தாலும் கவலையில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஐடியூன்ஸ் இன்னமும் கிடைக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. 'ஆப்பிள் மியூசிக்', 'ஆப்பிள் டிவைசஸ்' என்ற புதிய செயலிகளை நிறுவினால், பாடல் வேலையும் ஐபாட் வேலையும் அவற்றுக்குப் போய்விடும். ஐடியூன்ஸில் பாட்காஸ்டும் ஒலிப்புத்தகமும் மட்டுமே மிஞ்சும். 'நேற்று வரை தெரிந்த ஐபாட் இன்று ஐடியூன்ஸில் காணோமே' என்பவர்கள் இதைச் சரிபாருங்கள். பழைய ஐபாட் மட்டுமே நோக்கம் என்றால், ஐடியூன்ஸை மட்டும் வைத்துக்கொள்வது எளிது.

மேக்கில் ஐடியூன்ஸ் இல்லை. 2019-ல் வந்த 'கேட்டலினா' பதிப்போடு அது போய்விட்டது. பாடல்கள் 'மியூசிக்' செயலியில் இருக்கும். ஐபாடோ, 'ஃபைண்டர்' ஜன்னலின் இடது ஓரத்தில் தெரியும். பலரும் அதை மியூசிக் செயலிக்குள்ளேயே தேடிவிட்டு, ஆப்பிள் கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும், ஐபாட் பக்கத்தில் 'மேனுவலி மேனேஜ்' என்று தொடங்கும் கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள். அதன் பிறகு வேண்டிய பாடலை இழுத்துப் போட்டால் போதும். தானாக எதையும் சேர்க்காது, அழிக்காது. வேலை முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டே கேபிளைப் பிடுங்க வேண்டும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ரிதம்பாக்ஸ்' செயலியில் முயன்று பார்க்கலாம். பழைய மாடல்கள் பலவற்றை அது அடையாளம் காணும்.

எது ஏறும், எது ஏறாது?

எம்.பி.3, ஏ.ஏ.சி. பாடல்கள் தாராளமாக ஏறும். ஃப்ளாக் வகைப் பாடல்களை ஐடியூன்ஸ் ஏற்றுக்கொள்ளாது. 'வி.எல்.சி.' போன்ற இலவச மென்பொருளில் எம்.பி.3-யாக மாற்றிக்கொள்ளலாம்.

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாடல்கள் கிளாசிக், நானோ, ஷஃபிளில் ஏறாது. சந்தா இருக்கிறதா என்று சரிபார்க்க இன்டர்நெட் வேண்டும். இந்த ஐபாடுகளுக்கு அது தெரியாது.

வெளிநாட்டில் 2009-க்கு முன் ஐடியூன்ஸ் ஸ்டோரில் வாங்கிய பாடல்களில் பூட்டு இருக்கலாம். அவற்றைக் கம்ப்யூட்டரில் கேட்க, வாங்கியவரின் ஆப்பிள் கணக்கு வேண்டும். நம் ஊரில் அந்தக் கவலை குறைவு. இந்தியாவில் ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்ததே 2012 டிசம்பரில்தான். அதற்குள் பாடல்களின் பூட்டு கழற்றப்பட்டுவிட்டது.

ஐபாட் இல்லாமல் வேறு எம்.பி.3 பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை சுற்று இல்லை. பெரும்பாலானவை பென்டிரைவ் மாதிரிதான். செருகு, இழு, போடு!

கடைசியாக...

ஆப்பிள் 2014-ல் ஐபாட் கிளாசிக்கை நிறுத்தியது. 2017-ல் நானோவும் ஷஃபிளும் போயின. 2022 மே மாதம் கடைசி ஐபாடான டச்சும் விடைபெற்றது. கடைகளில் இல்லாவிட்டாலும், கையில் இருப்பது பாடத்தான் செய்யும். அதில் விளம்பரம் வராது, போன் மணி குறுக்கே வராது, டேட்டாவும் தீராது.

பாடல்களைப் பிரதி எடுத்ததும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ இன்னொரு பிரதியும் வைத்துவிடுங்கள். மகளின் லேப்டாப்பும் ஒருநாள் பழையதாகும் அல்லவா?

அதனால் அடுத்த முறை, "அப்பா, ஓகே குடுக்கட்டுமா?" என்ற குரல் கேட்டால் பதில் இப்படி இருக்கட்டும்:

"இரும்மா. முதல்ல காப்பி எடுத்துடுவோம்."