கணக்கு நன்றாகச் செய்யும் மகளுக்கு



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் தீவகத்துத் தாய்மார் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பிள்ளைக்குக் கணக்கிலை ஏ வந்திருக்கு தங்கச்சி, என்ன படிக்க விடுறது?" கேட்பவர் அநேகமாகக் குடும்பத்தைத் தனியே சுமப்பவராக இருப்பார். நான் வாய் திறக்கு முன் பக்கத்தில் இருப்பவர் மறுமொழி சொல்லிவிடுவார்: "பொம்பிளைப் பிள்ளைதானே, கலைப்பிரிவு படிச்சு ரீச்சராகட்டும்." ஆசிரியத் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் கலைப்பிரிவில் சமூகவியல் படித்தவள்தான். ஆனால் கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளைக்கு வேறு வழியும் உண்டு என்பதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. மின் பொறியியல், கணினிப் பொறியியல் என்ற அந்த வழியைப் பற்றி இம்மாதம் பேசுவோம்.

இது எங்களுக்குத் தூரத்துப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அம்மா சொல்லக் கேட்டதுதான். டைனமோவைச் சில்லோடு சாய்த்தவுடன் பெடல் பாரமாகிவிடும் என்று அம்மா சொல்வார். மின் பொறியியலின் முதற் பாடமே அதுதான். காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையில் அசைவு இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பரடே 1831 இல் காட்டினார். அவர் பல்கலைக்கழகம் போகாதவர், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். டைனமோவிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு அது பாரத்தோடு சுற்றியாக வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின் வலையமைப்போடு கம்பியால் இணையாதவை. இங்கே விளக்கெரிந்தது டீசல் ஜெனரேற்றரால்தான். டீசலும் கடல் கடந்தே வர வேண்டும். மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கும் தொலைக்காட்சியும் போட்டால் ஜெனரேற்றருக்கும் அந்தப் பெடல்போலப் பாரம் ஏறும். அதன் வேகம் குறையப் பார்க்கும். மின்னோட்டம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வர வேண்டும். அந்தக் கணக்கு அதிகம் பிசகினால் பொருட்கள் பழுதாகும், அல்லது எல்லாமே நின்றுவிடும். அதனால் பாரம் ஏற ஏற டீசலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

இதோடு காற்றாடியையும் சூரியத் தகட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு முகில் கடந்தால் சூரிய மின்சாரம் சட்டென்று விழும். காற்று ஒரு நேரம் வீசும், ஒரு நேரம் அடங்கும். இப்போது பற்றரியை நிரப்புவதா, அதிலிருந்து எடுப்பதா, ஜெனரேற்றரைத் தொடக்குவதா? இதை நொடிக்கு நொடி முடிவெடுக்க எந்த மனிதராலும் முடியாது. கணினி நிரல் ஒன்றுதான் அதைச் செய்கிறது. மின் பொறியியலும் கணினிப் பொறியியலும் ஒன்றையொன்று தேடுவது இந்த இடத்தில்தான்.

இந்த மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின் திட்டத்தின் கதையைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் 1 ஆம் திகதி பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம். இந்தியாவின் நன்கொடை 11 மில்லியன் அமெரிக்க டொலர். அறிவிக்கப்பட்ட அளவு, சூரியசக்தி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், துணைக்கு டீசல் 2,500 கிலோவாற், பற்றரி 2,400 கிலோவாற் மணி. எங்கள் மின் பட்டியலில் ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற் மணிதான். ஆகவே 2,400 அலகு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கக்கூடிய பற்றரி என்று விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டு பெரிய நாடுகள் எங்கள் மூன்று தீவுகளின் விளக்குக்காக இழுபட்டதைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பூட்டிய பின் அதைப் பார்க்கப்போவது யார் என்ற கேள்வியைத்தான் நான் அதிகம் காணவில்லை. உப்புக் காற்றில் கதவின் பிணைச்சல் எத்தனை வருடம் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியும். காற்றடித்துக் குறிகட்டுவானில் படகு நிற்கும் நாளில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் பெங்களூரிலிருந்து ஆள் வருவாரா? அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள் நெடுந்தீவில் பிறந்தவளாக ஏன் இருக்கக்கூடாது?

படிப்பதற்கு மிகத் தூரம் போகவேண்டியதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் 1974 இல் தொடங்கினாலும் பொறியியற் பீடம் போர் முடிந்த பிறகே, 2010களில், கிளிநொச்சி அறிவியல் நகரில் வந்தது. பேராதனை, மொறட்டுவை, ருகுணு, தென்கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் உண்டு. நான்கு வருடப் படிப்பு. தொடக்கத்தில் எல்லாருக்கும் பொதுப் பாடங்கள், பிறகு மின்னும் மின்னணுவும், கணினி, குடிசார், இயந்திரவியல் என்று துறை பிரியும். இடையில் தொழிற்பயிற்சி. கடைசி வருடத்தில் சிறு குழுவாக ஓர் ஆய்வு.

ஆய்வு என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். புத்தகத்தில் விடை இல்லாத கேள்வியை அளந்து பார்ப்பதுதான் ஆய்வு. நயினாதீவில் சூரியத் தகட்டில் படியும் உப்பு ஒரு மாதத்தில் எவ்வளவு மின்சாரத்தைத் தின்னும்? நாளைக்கு வீசும் காற்றை இன்றைக்கே கணினி கணித்தால் எத்தனை லீற்றர் டீசல் மிஞ்சும்? அலுவலகத்தில் சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடிய அனுபவம் எங்களில் யாருக்கு இல்லை? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் கணினியே மொழிபெயர்க்கும் முறையை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இந்தப் படிப்பின் ஒரு கிளைதான்.

பெண்களுக்கு ஒத்துவராத படிப்பு என்பவர்களுக்கு ஒரு பெயரை மட்டும் சொல்கிறேன். இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவசேகரம். 1960களில் குடிசார் பொறியியல் படித்தவர்.

இனிக் கஷ்டமான பக்கம். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதியானவர்களுக்கு மகாபொல உதவிப்பணம் உண்டு. பெரிய செலவு வருவது அதற்கு முன், உயர்தரம் படிக்கும் காலத்தில். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கும் பாடசாலை தேடிப் பல பிள்ளைகள் பட்டினம் போக வேண்டியிருக்கிறது. அறை வாடகை, சாப்பாடு, ரியூசன், இவற்றோடு பெண்பிள்ளையைத் தனியே விடும் பயம். பதினாறு வயதில் நாங்கள் எடுக்கும் அந்த முடிவில்தான் வாசல் திறப்பதும் மூடுவதும் நடக்கிறது.

அனுமதி முறையையும் தெரிந்து வையுங்கள். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. நெடுந்தீவுப் பிள்ளையும் நல்லூர்ப் பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில் நிற்கிறார்கள். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன்.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை முதல் மாதங்களில் திணறுவாள். இப்போதே தினமும் அரை மணி நேரம் ஆங்கிலம் வாசிக்கப் பழக்குங்கள். பகிடிவதையை நினைத்துப் பயப்படும் தாய்மாருக்கு: 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். நடந்தால் மறைக்காமல் வீட்டில் சொல்லவேண்டும் என்று மகளிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இசட் புள்ளி போதாமற் போகலாம். அனுமதிக்காக உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில் பொறியியல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு 2016 இல் உருவான தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சியில் உண்டு. திறந்த பல்கலைக்கழகம் பொறியியல் கற்பிக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையம் உள்ளது. வேலை செய்துகொண்டும் குடும்பம் நடத்திக்கொண்டும் அங்கே படிக்கலாம்.

செலவுக்கும் பயத்துக்கும் நயினாதீவுத் தாய்மார் மூவர் கண்ட வழியைச் சொல்கிறேன். மூவருக்கும் கணவர் இல்லை. மூன்று மகள்மாருக்குமாகப் பட்டினத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். கிழமைக்கு ஒரு தாய் அங்கே தங்கிச் சமைப்பார். அந்தக் கிழமை அவருடைய ஆட்டையும் கோழியையும் சின்னப் பிள்ளைகளையும் மற்ற இருவரும் பார்ப்பார்கள். முறை மாறும் நாளில் போகிறவர் மீனும் ஒடியல் மாவும் கொண்டு முதற் படகில் ஏறுவார்.