சாவி யார் கையில்?

பெண் கைதிகளைக் காவல் புரியும் சிறை உத்தியோகத்தர் எவ்விதம் நடந்துகொள்கின்றனர் என்ற கேள்வியை எழுப்புவோர்க்கு நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரே விடைதான் கிடைத்து வருகிறது. "பெண்களுக்குப் பெண்களே காவல், அதற்குமேல் என்ன வேண்டும்?" என்பதே அவ்விடை. சட்டமும் அதைத்தான் சொல்லுகிறது. கேட்டவரும் வாயடைத்துப் போகிறார். ஆனால், அந்த விடைக்கு அப்பாலும் சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றை இன்று நாம் கேட்கத் துணிகிறோம்.

முதலில் விதியைப் பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு ஜெனிவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. ஆணும் பெண்ணும் அடைக்கப்படும் சிறையில் பெண்கள் பகுதி ஒரு பெண் அதிகாரியின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். அப்பகுதியின் சாவிகள் அனைத்தும் அவர் கையிலேயே இருத்தல் வேண்டும். ஆண் உத்தியோகத்தர் எவரும் பெண் உத்தியோகத்தர் உடன்வராமல் உள்ளே நுழையலாகாது என்று அவ்விதிகள் கூறின. 2015-இல் அவை திருத்தப்பட்டு நெல்சன் மண்டேலாவின் பெயரைப் பெற்றபோதும் இது மாற்றப்படவில்லை. 2010-இல் ஏற்கப்பட்ட பாங்கொக் விதிகள் மேலும் ஒருபடி சென்று, பெண்களின் உடலைச் சோதிக்கும் முறையைப் பற்றியும், பிரசவ வேளையில் விலங்கிடக் கூடாமை பற்றியும் விரித்துரைத்தன. சாவி யார் கையில் என்பது அற்ப விடயமென எண்ணுவோர் இரவு பத்து மணிக்குமேல் ஒரு சிறைக்கூடத்தின் கதவு திறக்கப்படும் ஓசையைக் கற்பனை செய்து பார்க்கட்டும்.

இவ்விதி மீறப்படுமிடத்தில் நேர்வது என்ன என்பதற்கு வறிய நாடொன்றைத் தேடிப் போகவேண்டியதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டப்ளின் என்னுமிடத்தில், பெண்களுக்கென மத்திய அரசு நடத்திய சிறைச்சாலை ஒன்று இருந்தது. கைதிகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காப்பதற்கென 2003-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிய நாடு அது. அச்சட்டத்தைப் பற்றிப் பிறருக்குப் போதித்தவரே அச்சிறையின் தலைமை அதிகாரி. அவரே கைதிகளான பெண்களைத் தம் இச்சைக்கு உட்படுத்தினார் என்று 2022 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு 70 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆறுதல் கூற வந்த சிறை மதகுருவும் அதே வகைக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். 2024-இல் அச்சிறைச்சாலையே மூடப்பட்டது. சட்டம் இருந்தது, பயிற்சி இருந்தது, முறைப்பாட்டுப் படிவமும் இருந்தது. முறைப்பாடு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் கோளாறு.

"அது ஆண்கள் காவல் நின்றதால் வந்த கேடு" என்று கூறுவார்கள். அப்படியானால் பம்பாய்க்கு வருவோம். அங்கே பைகுல்லா பெண்கள் சிறையில் 2017 ஜூன் மாதம், காலை உணவில் இரண்டு முட்டையும் ஐந்து ரொட்டியும் குறைந்ததென்று கணக்குக் கேட்டாள் ஒரு கைதி. நன்னடத்தைக்காக மற்றக் கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டிருந்தவள் அவள். கணக்குக் கேட்டதற்காக அடிக்கப்பட்டாள், மாண்டாள். கொலைக் குற்றஞ்சாட்டிக் கைது செய்யப்பட்ட சிறை உத்தியோகத்தர் அறுவரும் பெண்கள்! அவளுக்கு நீதி கேட்டுக் கூரைமேல் ஏறிக் கூக்குரலிட்ட இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகள் மீது கலகம் விளைவித்ததாக வழக்குப் பதிவாயிற்று என்பதையும் வாசகர் மறக்கலாகாது.

அதே பம்பாயிலிருந்துதான் 1982-இல் சீலா பார்சே என்ற பத்திரிகையாளர், தாம் மத்திய சிறையில் கண்டு பேசிய பதினைந்து பெண் கைதிகளில் ஐவர், பொலிஸ் காவலில் தாம் தாக்கப்பட்டதாகத் தம்மிடம் கூறினர் என்று இந்திய உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1983 பெப்ரவரியில் நீதியரசர் பகவதி, பெண்களுக்குத் தனிக் காவற்கூடம், பெண் காவலர் என்பவற்றோடு நில்லாமல், நீதிபதியொருவர் முன்னறிவித்தலின்றிக் காவற்கூடங்களைச் சென்று பார்க்கவேண்டுமென்றும், நீதவான் முன் கொண்டுவரப்படுபவரிடம் உமக்கு ஏதேனும் துன்பம் இழைக்கப்பட்டதா என்று அவர் கேட்டறிய வேண்டுமென்றும் கட்டளையிட்டார். நாம் பெரிதும் மதிக்கும் பகுதி இதுதான். காவலரைக் காவல் செய்வது யார் என்ற கேள்விக்கு விடை தேடிய தீர்ப்பு அது.

இனி நம் வீட்டு நிலை. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, அம்பிகா சற்குணநாதன் அவர்களின் தலைமையில் 20 சிறைச்சாலைகளை ஆராய்ந்து 2020 இறுதியில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. நெரிசல், மருத்துவக் குறைபாடு என்பவற்றோடு, பெண்களை ஆடைகளைந்து சோதிப்பதையும் உடலின் உட்பகுதியைச் சோதிப்பதையும் பற்றிய வேதனைக் குரல்களும் அதில் பதிவாகியுள்ளன. போதைப்பொருள் உள்ளே வரக்கூடாது என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், தலைத்துணி விலகாமல் தெருவில் நடந்தறியாத நம் கரையோரத்துப் பெண்ணொருத்தியைப் பலர் முன்னிலையில் ஆடை களையச் செய்வது சோதனையா, தண்டனையா? சோதனை தேவையெனில் மறைவிடத்தில், ஒருவர்பின் ஒருவராக, பயிற்சி பெற்ற பெண்ணின் கையால், காரணம் எழுதப்பட்டு நடக்கட்டும். கருவிகள் இருக்குமிடத்தில் கை எதற்கு?

மொழியின் கதை வேறு. 1956-இன் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து நம் மக்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியென எழுதப்பட்டது. எழுதப்பட்டது! சிறைக்கூடத்தின் உள்ளே அதிகாரி இடும் கட்டளையும் ஒட்டப்பட்டிருக்கும் அறிவித்தலும் கைதிக்கு விளங்காத மொழியில் இருப்பின், கீழ்ப்படியாதவள் என்ற பெயரை அவள் முதல் நாளிலேயே சம்பாதித்து விடுகிறாள். விளங்காமையைத் திமிர் என்று கொள்ளும் காவலருக்கு அடிப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

பொத்துவிலில் கைதாகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நீதவான் விளக்கமறியலுக்கு அனுப்புகிறார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விசாரணையே தொடங்கவில்லை. மட்டக்களப்புச் சிறைச்சாலை அறுபது மைல்களுக்கும் அப்பால் இருக்கிறது. கடலுக்குப் போகும் கணவனோ வயலில் நிற்கும் தந்தையோ ஒரு நாட்கூலியை இழந்து, பஸ் ஏறி, நிந்தவூரும் கல்முனையும் கடந்து போய்ச் சில நிமிடங்கள் முகம் பார்த்துத் திரும்ப வேண்டும். அந்தச் சில நிமிடங்களும் காவலரின் காது கேட்கும் தூரத்திலேயே கழிகின்றன. தனக்கு நேர்ந்ததை எப்போது சொல்வாள்? யாரிடம் சொல்வாள்?

2019-இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், உடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று பொலிஸார் கொண்டதால், இரண்டு வாரங்களுக்கும் மேல் விளக்கமறியலில் இருக்க நேர்ந்தது. சிறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதற்குரியவர்களே என்று நம்மவரிலும் பலர் சொல்லக் கேட்கிறோம். சுக்கான் போட்ட சட்டை எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக!

சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்றை நாம் வலியுறுத்த வேண்டும். சித்திரவதையும் இழிவான நடத்துகையும் அரசியலமைப்பின் 11-ஆம் உறுப்புரையால் விதிவிலக்கின்றித் தடுக்கப்பட்டுள்ளன. 1994-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பொலிஸ் காவலில் வதைக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு 2002-இல் உயர் நீதிமன்றம் நிவாரணம் அளித்ததும் உண்டு. ஆனால், அந்த நீதிமன்றத்தின் கதவு 126-ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்திற்கே திறந்திருக்கிறது. தடுப்பில் இருந்தோர் விடயத்தில் நீதியரசர்கள் இக்காலக்கெடுவைச் சில வழக்குகளில் தளர்த்தியுள்ளனர் என்பதை நாம் மறைக்கவில்லை. எனினும் அது கருணையைப் பொறுத்தது. ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என 1996-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. இதைத் தமிழில் எழுதிப் பெண்கள் பகுதியின் சுவரில் ஒட்டுவதற்கு எத்தனை ரூபாய் செலவாகும்?

சிறை உத்தியோகத்தரை எல்லாம் அரக்கர் என்று நாம் கூறவில்லை. இடத்திற்கு மிஞ்சிய கைதிகளையும் அவர்களோடு வந்த கைக்குழந்தைகளையும் குறைந்த ஆட்பலத்துடன் பார்த்துக்கொள்ளும் பெண் காவலரின் பாடும் பெரும் பாடே. தம் கைக்காசில் குழந்தைக்குப் பால்மா வாங்கிக் கொடுக்கும் மனமுடையோரும் அவர்களில் இருக்கக்கூடும். வெளியார் வந்து பார்க்கும் சிறையில் இத்தகையோருக்கு இழப்பு ஏதுமில்லை. அஞ்ச வேண்டியவர் மற்றவரே.

வெளியார் செல்வதற்கு வழியும் உண்டு. வெள்ளையர் காலத்து 1877-ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமே பார்வையாளர் குழுக்களுக்கு இடம் வகுத்து, நீதிபதிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் சிறைகளைச் சென்று பார்க்க உரிமை தந்திருக்கிறது. தேர்தற் காலத்தில் பொத்துவில் முதல் மருதமுனை வரை ஒழுங்கை ஒழுங்கையாக நடந்த திகாமடுல்ல மாவட்ட உறுப்பினர்கள், வென்ற பின் மட்டக்களப்புச் சிறையின் பெண்கள் பகுதிக்கு எத்தனை முறை சென்றார்கள் என்பதை மக்களுக்கு அறிவிக்கட்டும். பார்வையாளர் குழுவில் தமிழ் பேசும் பெண்கள், அவர்களுள் முஸ்லிம் பெண்ணொருவராவது, நியமிக்கப்பட வேண்டும். விளக்கமறியல் நீடிக்கப்படும் ஒவ்வொரு தவணையிலும், காவலரை வெளியே நிறுத்திவிட்டு, கைதியிடம் அவள் மொழியில் நீதவான் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். காணொளி வழியாக முற்படுத்தும் இடங்களில் இது இருமடங்கு அவசியம். 2017-இல் சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையின் விருப்பு நெறிமுறையில் இணைந்த அரசு, முன்னறிவித்தலின்றிச் சிறைகளுக்குள் நுழைந்து பார்க்கும் அப்பணிக்கு ஆணைக்குழுவிடம் போதிய ஆளும் பணமும் கொடுத்திருக்கிறதா என்பதை நிதியமைச்சர் சபையில் கூறட்டும். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் சிறைச்சாலைத் திணைக்களத்தின் செலவினத் தலைப்பு வரும் நாளில் நம் உறுப்பினர்கள் ஆசனத்தில் இருக்கிறார்களா, சிற்றுண்டிச்சாலையில் இருக்கிறார்களா என்பதை நாம் கவனித்து எழுதுவோம்.